ஃபோர் வீல் டிரைவ் விழவில்லையா? சுவிட்சை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஃபோர் வீல் டிரைவ் சுவிட்சைத் திருப்புகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. உடனே பழி சுவிட்ச் மேல்தான் விழும், ஏனென்றால் கை படுவது அதில்தான். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சுவிட்ச் மோட்டாரை நேரடியாக ஓட்டுவதே இல்லை. "ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) வேண்டும்" என்று கன்ட்ரோல் மாட்யூல் என்னும் மின்னணுப் பெட்டிக்கு ஒரு சிக்னல் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. வேகம், கியர் நிலை எல்லாம் பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இருக்கும் ஷிஃப்ட் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது மாட்யூல்தான். இந்த வழியில் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். (லீவரை இழுத்துப் போடும் வகை வண்டிக்கு இது பொருந்தாது.)

தேவையானவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், உங்கள் வண்டியின் ஒயரிங் படம். படம் இல்லாமல் எந்தப் பின் எதற்கு என்று ஊகித்துக் குத்திப் பார்க்காதீர்கள். டெஸ்ட் லேம்ப் ஃபியூஸ் பார்க்க மட்டும். மாட்யூலுக்குப் போகும் சிக்னல் ஒயரில் அதை வைத்தால் பல்பு இழுக்கும் கரண்டே மாட்யூலுக்கு ஆபத்து.

படி 1: முதலில் கவனியுங்கள்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சாவியை ஆன் செய்து சுவிட்சைத் திருப்புங்கள், ஒருவர் வெளியே நின்று அடியில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கட்டும். மோட்டார் உறுமும் சத்தம் ஓரிரு விநாடி கேட்டு, மீட்டர் போர்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், சுவிட்ச் கேட்டது மாட்யூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள், கோளாறு அதற்கு அப்பால். சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் சப்ளை, எர்த், சுவிட்ச், மாட்யூல் இந்தப் பக்கம் தேடுங்கள். ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் நிலை) மட்டும் விழவில்லை என்றால் கோளாறே இல்லாமல்கூட இருக்கலாம். பல வண்டிகளில் நின்றுகொண்டு நியூட்ரலில் வைத்தால்தான் அது விழும்.

படி 2: பேட்டரி, ஃபியூஸ், ரிலே

இன்ஜின் ஆஃபில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், வோல்டேஜ் குறைந்தால் மாட்யூல் ஷிஃப்ட் செய்யவே மறுக்கலாம். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப வைப்பதைவிட, சாவியை ஆன் செய்து அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் டெஸ்ட் லேம்பைத் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் சரி, ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. ரிலே இருந்தால் அதே நம்பர் உள்ள வேறொன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

படி 3: சுவிட்ச் கனெக்டர்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டு பேனலை எடுங்கள். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் தொட வேண்டாம், அது ஏர்பேக். சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: பச்சை பூத்திருக்கிறதா, ஏதாவது பின் மட்டும் உள்ளே தள்ளிப் போயிருக்கிறதா, பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா? பல கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

சரி, கண்ணுக்கு எல்லாம் சுத்தம் என்றால் கனெக்டரை மாட்டி, பேட்டரியையும் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். மெல்லிய பின்னைக் கனெக்டரின் முதுகுப் பக்கமிருந்து ஒயரை ஒட்டி நுழைத்து அளக்க வேண்டும். முன்பக்கம் முரட்டுத்தனமாகக் குத்தினால் டெர்மினல் விரிந்து, இல்லாத கோளாறு புதிதாக வரும். சப்ளை பின்னில் படம் சொல்லும் வோல்டேஜ் இருக்க வேண்டும், சில வண்டியில் 12, சிலவற்றில் மாட்யூல் தரும் 5. ஒன்றைக் கவனியுங்கள்: இரவில் சுவிட்சுக்குள் எரியும் குட்டி விளக்குக்குப் பெரும்பாலும் தனி ஒயர். அது எரிவதை வைத்துச் சுவிட்சுக்குச் சப்ளை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எர்த்துக்கு, சிவப்பு முனையைச் சுவிட்சின் எர்த் பின்னிலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள்.

படி 4: சுவிட்ச்

இப்போதுதான் சுவிட்சின் முறை. சாவி ஆஃப், கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். சாதாரண ஆன்-ஆஃப் வகை என்றால் மூடிய நிலையில் ஒரு ஓமுக்கும் கீழே, திறந்த நிலையில் ஓ.எல். (இணைப்பு இல்லை) என்று காட்டும். இன்னொரு வகையில் உள்ளே ரெசிஸ்டர்கள் இருக்கும், டூ ஹை (இரண்டு சக்கர ஓட்டம்), ஃபோர் ஹை, ஃபோர் லோ ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஓம்ஸ். இந்த வகையில் ஓ.எல். வராததைப் பார்த்துச் சுவிட்ச் ஷார்ட் என்று நினைத்துவிடாதீர்கள், சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எந்த வகையானாலும் குமிழியை லேசாக ஆட்டியபடியே மீட்டரைப் பாருங்கள். நிலையாக இருக்க வேண்டிய எண் துள்ளினால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாள் ஓடும், மாற்றிவிடுவதே நல்லது.

படி 5: சுவிட்ச் நன்றாக இருந்தால்

அப்புறம் அடியில்தான் போக வேண்டும். மோட்டார் கனெக்டரில் மீட்டரை வைத்து, ஒருவரைச் சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த விநாடி 12 வோல்ட் அளவில் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார் போயிருக்கிறது அல்லது உள்ளே இறுகியிருக்கிறது. மைனஸ் காட்டினால் பயப்படாதீர்கள், திசையை மாற்றத் துருவத்தை மாற்றித்தான் கொடுக்கும். வோல்டேஜே வரவில்லையா? சைலன்சர் பைப் பக்கம் ஒயர் உரசியோ வெந்தோ இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஒயரும் சரி என்றால் ஸ்கேனர் போட்டு மாட்யூலில் பதிவான கோளாறு கோட் படிக்காமல் மாட்யூலை வாங்கிவிடாதீர்கள். மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சார் தவறாகச் சொன்னாலும் மாட்யூல் கரண்ட் கொடுக்காது.

சரிசெய்த பிறகு கோட்களை அழித்துவிட்டு, மண் அல்லது சரளைத் தரையில் ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலையில் வேண்டாம்: திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு, காய்ந்த சாலையில் டயர் வழுக்கிக் கொடுக்காது, முறுக்கம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய் ஏறும்.