கம்ப்யூட்டர் நடுவில் உறைந்து நிற்கிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் டிரைவரைப் பாருங்கள்

டைப் செய்துகொண்டிருக்கும்போதே மவுஸ் நின்றுவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் 'டர்ர்ர்' என்று ஒரே சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "விண்டோஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பார்கள். அடித்த பிறகு நாலு நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஏனென்றால் ஃபார்மட் முடிந்ததும் நாம் மறுபடி போடுவது அதே பழைய டிரைவரை. மதர்போர்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பயாஸும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேரும் ஃபார்மட்டால் மாறுவதே இல்லை.

டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஒரு பாகத்துக்கும் நடுவில் பேசும் மென்பொருள். ஃபர்ம்வேர் அந்தப் பாகத்துக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள். அதில் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் குரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி. மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் அது பதில் சொல்லாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் 0309 என்ற புது ஃபர்ம்வேர் வந்த பிறகுதான் தீர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் விண்டோஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்களோ!

சரி, வேலையை ஆரம்பிப்போம். முதலில் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ எடுத்து வைத்துவிடுங்கள். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் அதையும் தட்டிவிடுங்கள். சூட்டினால் நிற்கும் கம்ப்யூட்டருக்கு டிரைவர் மாற்றிப் பயனில்லை.

படி 1: எப்படி நிற்கிறது?

அடுத்த முறை நிற்கும்போது உடனே அணைக்காதீர்கள். கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு முறை சிமிட்டிவிட்டு உயிர் வந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல். விளக்கே அசையவில்லை என்றால் கோளாறு இன்னும் ஆழத்தில்: டிஸ்க், ரேம், பயாஸ்.

படி 2: விண்டோஸ் எழுதிவைத்த டைரி

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து இவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்புக் குறியோடு 'கெர்னல் பவர் 41' என்று ஒன்று கட்டாயம் கண்ணில் படும். புதியவர்கள் இதைப் பார்த்துத்தான் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்தவரே நீங்கள்தானே!

அந்த 41 அடுத்த முறை ஆன் செய்யும்போது எழுதப்படுவது. பட்டியலில் புதியது மேலே இருக்கும், ஆகவே நின்றதற்கு முந்தைய நிமிடங்கள் அதற்குக் கீழே இருக்கும். அங்கே தேடுங்கள். 4101 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போய் மீண்டிருக்கிறது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் வந்தால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது. எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: டிரைவர்கள்

டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிரைவர் தேதிகளைப் பாருங்கள். சிலவற்றில் 21 ஜூன் 2006 என்று இருக்கும். பதற வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைப் போடுகிறது. தயாரிப்பாளர் கொடுக்கும் டிரைவரைவிட அது புதியதாகத் தெரியக்கூடாது என்பதற்காக.

அங்கேயுள்ள 'அப்டேட் டிரைவர்' பட்டனை நம்பி உட்காராதீர்கள். லேப்டாப் என்றால் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போங்கள். அசெம்பிள் செய்தது என்றால் மதர்போர்டின் பெயர் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் இருக்கும். முதலில் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) டிரைவர், பிறகு கிராபிக்ஸ், பிறகு வைஃபை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் ஐந்து டிரைவர்களை ஒரே ராத்திரியில் மாற்றினேன். நிற்பது அதிகமானது. எதனால் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது.

பழைய டிரைவர்தான் காரணம் என்று எப்போதும் இல்லை. புது அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்தால் அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள். எல்லாவற்றையும் தானே புதுப்பிக்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

படி 4: எஸ்எஸ்டி

129 கண்ணில் பட்டவர்களுக்கு இது முக்கியம். சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ் என்று கம்பெனிக்கு ஒரு மென்பொருள் உண்டு. அதைப் போட்டால் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று அதுவே சொல்லும். கோப்புகளை எடுத்துவைத்த பிறகுதான் புதுப்பிக்க வேண்டும்.

படி 5: கடைசியாக பயாஸ்

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர்கள் சில நொடிகள் திக்கித் திக்கி நிற்பதாகப் பலர் புலம்பினார்கள். எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி, மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்போடு பேசும்போது அப்படி ஆகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. தீர்வு வந்தது பயாஸ் அப்டேட் வழியாகத்தான். எந்த டிரைவரும் அதைச் சரிசெய்திருக்காது.

ஆனால் பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் மதர்போர்டே கிளம்பாமல் போகலாம். டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லேப்டாப்பில் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். கரன்ட் போய்ப் போய் வருகிற மழை நாளில் தொடவே தொடாதீர்கள். மாடலோடு ரிவிஷன் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைக் குறித்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இதை மறந்தால், ஆன் செய்ததும் நீலத் திரை அந்த 48 எண்களைக் கேட்கும்.

இத்தனைக்கும் பிறகும் நின்றால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டி ரேமைச் சோதியுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலேயே அரை நாள் வேலை பாருங்கள். அங்கேயும் நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகத்தின் கோளாறு, கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். குறித்துவைத்த தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். ஃபார்மட் என்று ஆரம்பித்தால் முதலில் அதை நீட்டுங்கள்.