672 பைட்டோடு ஒரு ஆட்டம்

கிளிநொச்சியில் பின்னேரம் கரண்ட் போவதற்குள் ஆடிப் பார்க்க ஏற்ற செஸ் இது. கணினியில் இசட்எக்ஸ்81 என்ற பழைய வீட்டுக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் (எமுலேட்டர்) ஒன்றைப் போட்டு, நினைவகத்தை 1 கே, அதாவது 1,024 பைட், என்று வையுங்கள். அப்புறம் டேவிட் ஹோர்ன் எழுதிய 1 கே செஸ்ஸை ஏற்றுங்கள். முழு நிரலும் 672 பைட்தான். இந்தக் குறிப்பே அதைவிடக் கூட இடம் பிடிக்கும்!

திரையில் காய்கள் வெறும் எழுத்துகள். ஆகவே பக்கத்தில் நிஜப் பலகையை விரித்து, ஒவ்வொரு நகர்த்தலையும் அதிலும் வையுங்கள். கோட்டை கட்ட முடியாது, கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் ராணியாகாது. இடம் போதாமல் விட்டவை. இதை முதலே சொல்லாததால் மருமகன் "மாமா, இது அளாப்பல்" என்று சண்டை பிடித்தான். என்னுடையது மேசைக்கணினி, கரண்ட் போனால் மீதியைக் குப்பி விளக்கில் அவனோடு ஆடுவேன்.