பனிக்காலத்துக்கு ஆல்-டெரெய்ன் டயர்: வாங்கும் முன் பக்கச்சுவரைப் படியுங்கள்

கனடாவின் டொராண்டோவில் முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் நேரம் கிடைப்பது அரிது. டொயோட்டா 4ரன்னர், ஜீப் ராங்லர் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள், "தார்ச் சாலைக்கும் கரடுமுரடான தடத்துக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் பனிக்கும் அதுவே போதுமா?" என்ற கேள்விக்குச் செப்டம்பரிலேயே விடை கண்டுவிட வேண்டும். சில ஆல்-டெரெய்ன் டயர்கள் போதும், அதுவும் சில சாலைகளுக்கு மட்டுமே போதும் என்பதுதான் என் விடை. ஆகவே டயரைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் ஓட்டும் சாலையைப் பாருங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் உப்புத் தூவிய 401 நெடுஞ்சாலையில் அலுவலகம் போய் வந்து, குளிர்காலம் முழுவதிலும் இரண்டே முறை காட்டுப் பக்கம் போகிறவர் நீங்கள் என்றால், தனி ரிம்மில் மாட்டிய முழுமையான பனிக்கால டயர்களே உங்களுக்கு ஏற்றவை. மாறாக, ஒவ்வொரு வாரமும் ஹாலிபர்ட்டன் பக்கமோ அல்கொன்குவின் பூங்காவை ஒட்டியோ, பனி அகற்றப்படாத கிளைச் சாலைகளிலும் சரளைக்கல் ஏற்றங்களிலும் போகிறவர் என்றால், சரியாகத் தேர்ந்தெடுத்த ஆல்-டெரெய்ன் டயர் உங்களுக்கு நன்றாகவே உழைக்கும்.

பனியும் பனிக்கட்டியும் டயருக்கு இரு வேறு எதிரிகள் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். உதிரியாகக் கிடக்கும் பனியில், டயரின் பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளுக்கு, இடையே உள்ள அகன்ற பள்ளங்கள் பனியை அள்ளி இறுக்கிக்கொள்கின்றன; பனி பனியோடு ஒட்டும் என்பதால், அப்படி இறுகிய பனியே தரையைப் பிடிக்கிறது. இதில் ஆல்-டெரெய்ன் டயர் கெட்டிக்காரன். பனிக்கட்டியிலோ அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே குளிரிலும் இளகியிருக்கும் ரப்பரும், பட்டன்களின் மேல் கத்தியால் கீறியது போன்ற எண்ணற்ற மெல்லிய வெட்டுகளும்தான் பிடிப்பைத் தர முடியும். கூரான கல்லில் கிழியாதிருக்கக் கெட்டியான ரப்பரும் பெரிய பட்டன்களும் கொண்டு வடிவமைக்கப்பட்ட டயரிடம் இவ்விரண்டையும் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. மைனஸ் 20 டிகிரிக் குளிரில் இருக்கும் பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி மேலே நீர்ப்படலம் பூத்து நிற்கும் பனிக்கட்டி அதிகம் வழுக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் ஒரு ஜனவரி காலையில் கற்றுக்கொண்டேன். முந்தின இரவு, தரையில் பட்டதும் பனிக்கட்டியாகிவிடும் உறைமழை பெய்திருந்தது. நிறுத்தக் கோட்டுக்கு நாற்பது அடி முன்பே பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அதிர, வண்டி அதே நிதானத்துடன் கோட்டைத் தாண்டிச் சந்திப்பின் நடுவில் போய் நின்றது. எதிரே வண்டி எதுவும் வராதது என் பாக்கியம். அன்று நான்கு சக்கர இயக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். அது வண்டியைக் கிளப்ப உதவும், ஏற்றத்தில் இழுக்க உதவும், நிறுத்துவதற்கு உதவாது. நிறுத்துவது டயரின் வேலை.

வீட்டுக்கு வந்ததும் டயரின் பக்கச்சுவரைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்துப் பார்த்தேன். எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டுமே இருந்தன. சேறும் பனியும் என்பதன் சுருக்கமான அந்தக் குறி, பட்டன்களுக்கிடையே போதிய பள்ளம் இருக்கிறது என்ற வடிவக் கணக்கைத்தான் சொல்கிறது. அதைப் பெற அந்த டயர் பனியில் உருண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் தேட வேண்டியது வேறு குறி: மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதன் நடுவே ஒரு பனித்துகள். 1999-ல் வட அமெரிக்காவில் அறிமுகமான அந்தக் குறியைப் பெற, இறுகிய பனித்தரையில் டயரை முடுக்கிப் பார்க்கும் சோதனையில் ஒப்பீட்டு டயரைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்ட வேண்டும். அந்தச் சோதனை அளப்பது முடுக்கத்தை. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அல்ல. எனவே இந்தக் குறி இல்லாத டயரை ஒதுக்கிவிடுங்கள். குறி இருப்பதாலேயே ஒன்றை வாங்கியும் விடாதீர்கள்.

சட்டமும் பக்கச்சுவர்க் குறிகளைத்தான் பார்க்கிறது. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். அங்கே எம்+எஸ் மட்டும் செல்லாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் எம்+எஸ், பனித்துகள் ஆகிய இரண்டில் ஏதேனும் ஒரு குறியும், குறைந்தது 3.5 மில்லிமீட்டர் பட்டன் ஆழமும் கேட்கிறார்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். பனித்துகள் குறி கொண்ட ஆல்-டெரெய்ன் டயரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் உங்கள் முன் வைக்கப்படும் டயர்களில் டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி 3, ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, பிஎஃப்குட்ரிச் கேஓ2, நோக்கியன் அவுட்போஸ்ட் ஏடி ஆகியவை அடிக்கடி தென்படும். இவை பனித்துகள் குறிக்குப் பேர் பெற்றவை. ஆயினும் ஒரே பெயருள்ள டயர் ஓர் அளவில் அந்தக் குறியோடும், இன்னோர் அளவில் அது இல்லாமலும் வருவது உண்டு. விளம்பரத் தாளை நம்பாமல், உங்களுக்குக் கொடுக்கப்போகும் அதே டயரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

குறியைப் பார்த்த பின் பட்டனைப் பாருங்கள். கட்டைவிரலை ஒரு பட்டனின் மேல் அழுத்திச் சற்றே தள்ளினால் மெல்லிய வெட்டுகள் வாய் திறக்கும். அவை எத்தனை, எவ்வளவு ஆழம் போகின்றன என்று கவனியுங்கள். பல டயர்களில் ஓரப் பட்டன்களில் வெட்டே இருக்காது, அல்லது மேலோட்டமாக இருந்து பாதி ஆயுளிலேயே தேய்ந்து மறைந்துவிடும். அதன் பிறகும் பக்கச்சுவரில் உள்ள பனித்துகள் குறி அப்படியே இருக்கும். டயரின் பிடிப்புதான் பழையபடி இருக்காது. புதிதில் 12 மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டன் உள்ள டயரை 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் கோடைக்கு மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம். மொட்டை டயராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில் ஆசையை அடக்குங்கள். அகலமான டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது பனியின் மேல் மிதக்கும், குறுகலானது பனியை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடும். பனி அகற்றப்படாத சாலையில் நான்கைந்து அங்குலப் பனி கிடக்கும்போது உங்களுக்குத் தேவை இரண்டாவது குணம். வண்டியோடு வந்த அளவு 265/70ஆர்17 என்றால் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்) அதிலேயே நில்லுங்கள். 285-க்குப் போக வேண்டாம்.

அளவுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகள் இருந்தால் அது இலகு ரக டிரக்குக்கான கட்டுமானம். எடை தாங்கும் வகுப்பு இ, அதாவது கடைகளில் 10 பிளை என்று சொல்லப்படுவது, நிறைய பாரமும் கூரான பாறையும் உள்ளவர்களுக்குத்தான் வேண்டும். அதன் கனத்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும், பிரேக்குக்கும் வேலை கூடும், விறைத்த பக்கச்சுவர் குளிரில் இன்னும் விறைக்கும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு சாதாரண வகுப்போ, மிஞ்சிப்போனால் சி வகுப்போ போதும் என்பது என் தீர்மானம். எல்டி டயர் போட்டால் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள காற்றழுத்தம் பொருந்தாது. அதே பாரத்தைச் சுமக்க அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். பாரத்துக்கேற்ற அழுத்த அட்டவணையைப் பார்த்துச் சொல்லும்படி கடைக்காரரைக் கேளுங்கள்.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெப்பநிலை ஏறத்தாழ 5.6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) குறையும். 20 டிகிரி சூடுள்ள கராஜில் 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, மைனஸ் 20 டிகிரியில் இரவெல்லாம் வெளியே நிறுத்தினால், காலையில் 28 தான் இருக்கும். ஆகவே வண்டி வெளியே குளிர்ந்து கிடக்கும் காலையில், ஓட்டுவதற்கு முன் அளந்து நிரப்புங்கள். ஆழ்ந்த பனியுள்ள காட்டுத் தடத்தில் 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி மெதுவாகப் போகலாம். ஆனால் நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முன் மீண்டும் நிரப்ப ஒரு சிறு கம்ப்ரஸர் வண்டியில் இருந்தாக வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயரைப் போடுங்கள். முன்னால் புதியது, பின்னால் பழையது என்று கலந்தால் வளைவில் பின்புறம் வீசிவிடும். ஸ்டெப்னியின் விட்டமும் மற்றவற்றோடு ஒத்திருக்க வேண்டும்; இல்லையேல் நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும்போது பற்சக்கரப் பெட்டிக்குச் சேதம் வரும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 3524 என்றால் 2024-ன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததைப் புதிய விலைக்கு வாங்காதீர்கள். மாட்டிய பின் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பனி விழுந்த அன்று, ஆளில்லாத ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போய்ப் பிரேக்கை முழுமையாக மிதித்து, வண்டி எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று இறங்கி நடந்து அளந்துகொள்ளுங்கள்.