வல்லரசுகள் போட்டி போட்டுக் கடன் தரும்போது: பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவுக்கு

துறைமுகம் கட்டித் தருகிறோம், ரயில் பாதை போட்டுத் தருகிறோம் என்று இரண்டு வல்லரசுகள் வாசலில் நிற்கும்போது, யார் பக்கம் சாய்வது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் திட்டம் எவ்வளவு பெரியது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எவ்வளவு சரக்கு வரும் என்ற கணிப்பைக் கட்டப்போகும் நிறுவனமே தயாரித்தால், அது ஊதித்தான் இருக்கும். மியான்மர் 2018-இல், சீனாவுடன் சேர்ந்து கட்டவிருந்த கியாக்பியூ துறைமுகத் திட்டத்தை 730 கோடி டாலரிலிருந்து, முதல் கட்டத்துக்கு 130 கோடி என்று சுருக்கியது. அதற்காகச் சீனா விலகிப் போய்விடவில்லை.

அடுத்தது விலை. பலர் ஏமாறுவது இங்கேதான், வட்டியை மட்டும் பார்த்து. 10 கோடி டாலர் வேலை. ஒருவர் 6% வட்டிக்குத் தருகிறார். டெண்டர் உங்கள் கையில். இன்னொருவர் 2% என்கிறார், ஆனால் அவர் நாட்டு நிறுவனத்துக்கே வேலை தரவேண்டும். அந்த நிறுவனம் 14 கோடி கேட்கிறது. அசலை 15 ஆண்டுகளில் சம தவணைகளாக அடைத்தால், முதல் கடனுக்கு மொத்தம் 14.8 கோடி, இரண்டாவதற்கு 16.24 கோடி. மலிவு வட்டிதான் கூடுதலாகப் பிடுங்குகிறது. அதனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு என்ன, ஒரு கிலோமீட்டர் பாதைக்கு என்ன என்று, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, விலையை முடித்துவிட்டு வட்டிக்கு வாருங்கள்.

பிறகு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். நிபந்தனைகளை வெளியிடக் கூடாது என்ற பிரிவை ஏற்காதீர்கள்; ஏற்றால் நாடாளுமன்றமும் கேட்க முடியாது, கடன் தரும் மற்றவர்களும் நம்பமாட்டார்கள். வேறொரு கடனில் தவணை தவறினாலும் இந்தக் கடன் முழுவதையும் உடனே கேட்கலாம் என்ற பிரிவு இருந்தால், குறைந்தபட்சத் தொகையும் அவகாசமும் எழுதச் சொல்லுங்கள். ஏற்றுமதி வருமானத்தை வெளிநாட்டுக் கணக்கில் நிறுத்திவைக்கச் சொன்னால், நெருக்கடியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்த டாலர் கைக்கு வராது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று இதை விட்டுவிடவே கூடாது. ஆப்பிரிக்க அரசுகளுக்கு இந்த உதவியைச் செய்யவே ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஒரு சட்ட உதவி அமைப்பை நடத்துகிறது.

சொத்தைக் குத்தகைக்கு விட்டால் கடன் தீரும் என்று நம்ப வேண்டாம். 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது; வந்த சுமார் 112 கோடி டாலர் அன்னியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது, துறைமுகத்துக்கு வாங்கிய கடன் அப்படியே அரசின் தலையில் நின்றது.

கையெழுத்துப் போட்டபின்னும் பேரம் பேசலாம். மலேசியா கிழக்குக் கரை ரயில் திட்டத்தை 2018-இல் நிறுத்திவைத்து, 2019-இல் 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடிக்கு இறக்கியது. ஆனால் ரத்து செய்தால் எவ்வளவு இழப்பீடு என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அப்படிப் பேச முடியும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் தொழிற்சாலைகள் வரும்போதும் கவனம் வேண்டும். 2025 ஜூலையில் வியட்நாம் பொருள்களுக்கு 20% வரி அறிவித்த அமெரிக்கா, வேறு நாட்டில் செய்து வியட்நாம் வழியாக அனுப்பியவற்றுக்கு 40% என்றது. அதனால் உரிமம் கொடுக்கும்போதே, எந்தப் பாகம் எங்கிருந்து வருகிறது, உள்நாட்டில் கூடும் மதிப்பு எத்தனை சதவீதம் என்ற பதிவேட்டைக் கட்டாயமாக்கி, சுங்கத்துறை அதை நேரில் போய்ச் சரிபார்க்க அதிகாரம் கொடுங்கள்.