பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி திடீரென ஒரு பக்கம் இழுக்கிறதா? பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

நேற்று வரை நேராக ஓடிய வண்டி இன்று ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்திப் பிடித்தவுடன் ஒரு பக்கமாக ஒதுங்கினால், பெரும்பாலானோர் நேராக வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல்) செய்யும் இடத்துக்கே போகிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகப் போக வேண்டிய இடம். அலைன்மென்ட் ஓர் இரவில் தானாக மாறுவதில்லை. ஏதாவது ஒன்று வளைந்திருக்க வேண்டும், உடைந்திருக்க வேண்டும், தளர்ந்திருக்க வேண்டும், அல்லது இறுகிப் பிடித்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் கோணங்களை மட்டும் திருத்தினால், பழுது அப்படியே இருக்க, அதற்கு ஏற்ப வண்டியைக் கோணலாக்கியதாகவே முடியும்.

தேவையான கருவிகள் மிகக் குறைவு: காற்றழுத்தமானி, அளவு டேப், சாக்பீஸ், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டார்ச் விளக்கு, உதவிக்கு ஒருவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. இழுப்பு பலமாக இருந்தாலோ, அதோடு தட்டும் சத்தம் சேர்ந்து வந்தாலோ, சோதனை ஓட்டம் எதுவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: எப்போது இழுக்கிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. போக்குவரத்து இல்லாத, சமமான, நேரான சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நான்கு நிலைகளைத் தனித்தனியாகக் கவனியுங்கள். சீரான வேகத்தில் இழுக்கிறதா, பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறு பக்கமுமாகப் போகிறதா, அல்லது கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினீர்களோ அந்தப் பக்கமே தொடர்ந்து சாய்கிறதா என்று பாருங்கள். சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுவதால், சரிவுள்ள பக்கம் சற்றே ஒதுங்குவது இயல்பு. சரிவே இல்லாத சமதளத்திலும் இழுத்தாலோ, சரிவுக்கு எதிர்ப்பக்கம் இழுத்தாலோதான் அதைப் பழுதாகக் கொள்ள வேண்டும்.

கூடவே ஸ்டீயரிங் வீலையும் பாருங்கள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், ஆக்ஸிலோ (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குத் தண்டு) ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகளில் ஒன்றோ இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீயரிங் நேராக இருந்தும் வண்டி ஒதுங்கினால் டயர் அல்லது பிரேக் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

இரண்டாம் படி: டயர்

வண்டி சில மணி நேரம் நின்று டயர்கள் குளிர்ந்த பிறகு நான்கின் காற்றழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்காகக் காற்றைக் குறைத்து, பிறகு நிரப்பும்போது ஒரு டயரை மறந்துவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். முன் டயர்களில் எதில் காற்றுக் குறைவோ அந்தப் பக்கமே வண்டி இழுக்கும்.

அழுத்தம் சரியாக இருந்தால் டயரின் பக்கச்சுவரையும் மேற்பரப்பையும் கையால் தடவிப் பாருங்கள். கல்லில் அடிபட்ட டயரின் உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு விலகியிருந்தால் ஓரிடத்தில் மேடு தட்டுப்படும். அத்தகைய டயரை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மேடு எதுவும் இல்லையென்றால் முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தி, அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு மறு பக்கத்துக்கு மாறினால் பழுது டயரில்தான். மாறாமல் இருந்தால் டயரை மறந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். சுழலும் திசை அம்புக்குறியால் குறிக்கப்பட்ட டயர்களை இந்தச் சோதனைக்கு மட்டும் மாற்றி, உடனே பழைய இடத்தில் பொருத்திவிட வேண்டும்.

மூன்றாம் படி: பிரேக்

பழைய வண்டிகளில் திடீர் இழுப்புக்குக் காரணமாக நான் அதிகம் கண்டது இதைத்தான். வண்டியைப் பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் ஓட்டி, தானாக உருண்டு நிற்கவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி ஓட்டும் நிலையில் இல்லையென்றால், முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பார்த்தாலே எந்தச் சக்கரம் இறுகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிடித்திருப்பது காலிப்பரா (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி), ரப்பர் ஹோஸா (அதற்கு பிரேக் எண்ணெய் கொண்டுவரும் குழாய்) என்பதே அடுத்த கேள்வி. பல ஆண்டுகள் ஓடிய ஹோஸ் வெளியே புதிது போலவே தோன்றும். உள்சுவர் மட்டும் ஊதி வழியை அடைத்திருக்கும். மிதியின் அழுத்தம் எண்ணெயை உள்ளே தள்ளிவிடுகிறது. திரும்பி வருவதற்கோ விசை போதாமல் எண்ணெய் காலிப்பரிலேயே சிறைப்படுகிறது. இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. சக்கரம் இறுகிய நிலையில் காலிப்பரின் பிளீடர் நிப்பிளில் (எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டு வந்து சக்கரம் உடனே இலகுவாகச் சுற்றினால், அந்த ஒரு சக்கரத்தில் மட்டுமே தொல்லை இருக்கும் நிலையில், குற்றவாளி ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. இந்தச் சோதனையை அறியாத காலத்தில் நான் ஒரு நல்ல காலிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டேன்; இழுப்பு ஒரு இம்மியும் குறையவில்லை. சோதனை முடிந்ததும் நிப்பிளை இறுக்கி, காற்றுக் குமிழ் எதுவும் உள்ளே நிற்காதபடி பிளீட் செய்வதும், எண்ணெய் அளவைச் சரிபார்ப்பதும் கட்டாயம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கணக்கு வேறு. அப்போது வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்க பிரேக் நன்றாகவே இருக்கலாம். வேலை செய்யாமல் இருப்பது எதிர்ப்பக்கமாக இருக்கலாம். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் வீல் சிலிண்டர் ஒழுகியோ, ஆக்ஸில் ஆயில் சீல் போயோ ஷூக்கள் (டிரம்மின் உள்ளே உராயும் பட்டைகள்) எண்ணெயில் நனைந்திருக்கும். ஆற்றைக் கடந்து வந்தவுடன் இழுத்தால், நனைந்த ஷூக்கள் காயும் வரை மெதுவாகச் சில முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

நான்காம் படி: ஆக்ஸில் தன் இடத்தில் இருக்கிறதா?

லேண்ட் ரோவர் சீரிஸ், ஜீப் சிஜே, சுசுகி சாமுராய் போன்ற பழைய வண்டிகளில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகளே ஆக்ஸிலைத் தாங்குகின்றன. பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸிலில் உள்ள குழியில் அமர்ந்து அதை நகரவிடாமல் வைத்திருக்கிறது. பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்தால் முழுச் சுமையும் அந்த ஒரு போல்ட்டின் மேல் விழும். ஒருநாள் அது வெட்டுப்படும். ஆக்ஸிலின் ஒரு முனை பின்னால் சரியும்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டல்ல. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் அலட்சியம் கூடாது. நகர்ந்தது முன் ஆக்ஸிலோ பின் ஆக்ஸிலோ, நீளம் குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். பிறகு டார்ச்சுடன் குனிந்து, பட்டையும் ஆக்ஸிலும் சேரும் இடத்தைப் பாருங்கள். காய்ந்த சேறும் துருவும் படிந்த பரப்பின் நடுவே விரல் அகலத்துக்குப் புதிதாகத் தேய்ந்து பளபளக்கும் இரும்பு தெரிந்தால், ஆக்ஸில் அண்மையில் நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காயில் ஸ்பிரிங் வண்டிகளில் இதே வேலையை ஆர்ம்களும் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டுகள்) பேன்ஹார்ட் ராடும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் தண்டு) செய்கின்றன. அவற்றின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் வண்டி பக்கம் மாறி மாறி இழுக்கும்.

ஐந்தாம் படி: ஸ்டீயரிங் இணைப்புகளும் சக்கர ஆட்டமும்

வண்டி தரையில் நிற்க, உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்க, ஒவ்வொரு டை ராட் எண்டின் (ஸ்டீயரிங் இணைப்புத் தண்டின் முனை மூட்டு) மேலும் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குப் படுவதற்கு முன் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசல் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் (முன் சக்கரம் திரும்பும் மூட்டுகள்). இவை தேய்வதற்குப் பதில் இறுகிவிட்டாலும் தொல்லைதான்: கடைசியாகத் திருப்பிய பக்கமே வண்டி சாய்வது அதன் அடையாளம்.

டை ராட் கல்லில் பட்டு வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அது பெரும்பாலும் டயரைத் தின்று வண்டியை அலைய வைக்குமே தவிர, அதனால் மட்டும் ஒரே பக்கம் இழுப்பது அரிது.

ஆறாம் படி: டேம்பரும் பவர் ஸ்டீயரிங்கும்

வாயு நிரப்பிய ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் உருளை) எப்போதும் தன் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் அதன் ஒரு முனையைக் கழற்றி, ஓரமாகக் கட்டிவிட்டு, காலி மைதானத்தில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல் இன்ஜினை இயக்குங்கள். சக்கரம் தானாகத் திரும்பினால் பழுது ஸ்டீயரிங் பாக்ஸின் வால்வில்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் அலைன்மென்ட் அளவு தேவை. கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்த பக்கமும், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அதிகமாக வெளிச்சாய்ந்த பக்கமும் வண்டி இழுக்கும். முழு ஆக்ஸில் வண்டியில் இந்தக் கோணங்கள் இரு பக்கமும் வேறுபட்டால் ஆக்ஸிலின் வெளிக்கூடு வளைந்திருக்கிறது என்று பொருள். தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் ஆர்மின் கேம் போல்ட் (கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்) நழுவியிருக்கலாம்.

பழுது நீக்கியபின் அதே சாலையில், அதே வேகத்தில், இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். சென்டர் போல்ட் மாற்றியிருந்தால் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே பொருத்தி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.