கமாடிட்டி டிரேடிங்: எந்த ஆப்பில் கணக்குத் தொடங்கலாம்?

வேலூர் லாங் பஜாரில் நகை வாங்கும் பலருக்கும் இப்போது ஃபோனிலேயே தங்கத்தை வாங்கி விற்கும் ஆசை வந்துவிட்டது. செய்யலாம். ஆனால் ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது புரோக்கரேஜைக் (தரகுக் கட்டணம்) கடைசியில் பாருங்கள்.

1. பதிவு. கமாடிட்டி ஃப்யூச்சர்ஸ், அதாவது தங்கம், எண்ணெய் போன்ற பொருளைப் பின்னொரு தேதியில் வாங்க, விற்க இப்போதே விலை பேசும் ஒப்பந்தம், 2015 செப்டம்பரிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆப்பில் போட்டிருக்கும் பதிவு எண்ணை நம்பிவிடாமல், செபி இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். டெலிகிராமில் லிங்க் அனுப்பி, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். மாதாமாதம் நிச்சய லாபம் என்ற பேச்சை நம்பி நம் ஊர்ப் பக்கம் எத்தனை குடும்பம் நொந்தது என்பது தெரிந்ததுதானே.

2. பொருள். தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய்க்கு எம்சிஎக்ஸ் சந்தை. மஞ்சள், சீரகத்துக்கு என்சிடெக்ஸ் சந்தை. சில ஆப்களில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

3. லாட் அளவு. லாட் என்பது ஒரு தடவையில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எம்சிஎக்ஸில் தங்கத்தின் பெரிய லாட் 1 கிலோ, மினி 100 கிராம், கினி 8 கிராம் (நம் கணக்கில் ஒரு பவுன்), பெட்டல் 1 கிராம். 10 கிராமுக்கு 100 ரூபாய் இறங்கினால் மினியில் 1,000 ரூபாய் போகும், பெரிய லாட்டில் 10,000. நீங்கள் கட்டியது மார்ஜின் பணம் (முழு மதிப்பில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டுவது) மட்டும் என்றாலும் நஷ்டம் முழு லாட்டுக்கும்தான். பெட்டலில் தொடங்குங்கள், சின்ன லாட்டையும் ஆப் காட்டுகிறதா என்று பாருங்கள். தங்க கான்ட்ராக்டை எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) வரை வைத்திருந்தால் டெலிவரிக்கு, அதாவது தங்கத்தையே கொடுத்து வாங்கும் கட்டத்துக்குப் போய்விடும், அதற்கு முன்பே வெளியேறிவிட வேண்டும்.

4. இரவுச் சேவை. தங்கம், எண்ணெய்ச் சந்தை இரவு 11.30 வரை நடக்கும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.55 வரை. கணக்குத் தொடங்கும் முன்பே ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அவர்களுடைய உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஆள் எடுக்காத கம்பெனி எனக்கு வேண்டாம், புரோக்கரேஜ் இலவசமாகவே இருந்தாலும்.

5. கணக்கு. பான், ஆதார், வங்கி விவரத்தோடு கமாடிட்டி பிரிவைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். வருமானச் சான்றும் கேட்பார்கள். ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் போதும்.

6. சரிபார்ப்பு. முதல் டிரேடு முடிந்ததும் கான்ட்ராக்ட் நோட் (டிரேடு விவரமுள்ள ரசீது) மின்னஞ்சலில் வந்ததா பாருங்கள். அப்புறம் கொஞ்சம் பணத்தை வங்கிக்கு எடுத்துப் பாருங்கள். மோசடி ஆப்களும் ஆசை காட்டச் சின்னத் தொகையைத் திருப்பித் தரும் என்பதால், இதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. பதிவு பெற்ற புரோக்கர் இழுத்தடித்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.