முட்டை ஒன்று 17 ஹிரிவ்னியா: ராணுவக் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜனவரி. உக்ரைனில் முழுப் போர் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. படைவீரர்களின் சாப்பாட்டுக்காகப் போட்ட ஒப்பந்தம் ஒன்று ஒரு பத்திரிகையாளரின் கைக்கு வந்தது. அதில் ஒரு முட்டையின் விலை 17 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று இருந்தது. கீவ் கடைகளில் அப்போது முட்டை 7 ஹிரிவ்னியாதான். ஒப்பந்தத்தின் மொத்த மதிப்போ 1,300 கோடி ஹிரிவ்னியாவைத் தாண்டியது. சில நாட்களில் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பதவி விலகினார். செப்டம்பரில் அமைச்சரும் மாற்றப்பட்டார்.

இத்தனைக்கும் ஊழலைத் தடுக்க நல்ல மென்பொருள் அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தது. ப்ரோசோரோ என்று பெயர். யார் என்ன விலை கேட்டார், யாருக்கு டெண்டர் கிடைத்தது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். போர் வந்ததும் பாதுகாப்புத் துறையின் கொள்முதலை அதிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள்.

நான் பார்த்தவரை எல்லா நாடுகளும் செய்கிற முதல் தவறு இதுதான்: ரகசியம் என்ற ஒரே போர்வையை எல்லாவற்றின் மேலும் போர்த்துவது. ஏவுகணை எத்தனை, எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது வெளியே வரக் கூடாது, சரி. முட்டை விலை தெரிந்து எதிரி என்ன செய்யப்போகிறான்? ஆனால் எந்த முகாமுக்கு எத்தனை முட்டை போகிறது என்று போட்டால், ஆளுக்கு இத்தனை என்று வகுத்து அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே ஒப்பந்தத்தை முழுசாக மூடவும் வேண்டாம், முழுசாகத் திறக்கவும் வேண்டாம். விலையைக் காட்டிவிட்டு, போய்ச் சேரும் இடத்தையும் அளவையும் மறைக்கலாம். உக்ரைன் நாடாளுமன்றமும் அந்த பிப்ரவரியிலேயே, ஆயுதம் அல்லாத பொருள்களின் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டது.

முட்டை விவகாரத்துக்கு அமைச்சர் தந்த விளக்கம், அது தொழில்நுட்பப் பிழை என்பது. எடைக் கணக்கை எண்ணிக்கைக் கணக்காக மாற்றியதில் குழப்பமாம். அந்த விளக்கத்தை நான் நம்பவில்லை. ஆனாலும் அப்படி ஒரு விளக்கம் சொல்ல இடம் இருந்ததே, அதுவே ஒரு தவறுதான். அலகு, அளவு, விலை மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் பதிவாகியிருந்தால், சந்தை விலையோடு ஒப்பிட்டு அந்த வரியை இயந்திரமே சிவப்பாகக் காட்டியிருக்கும். பல அலுவலகங்களில் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஸ்கேன் எடுத்து ஏற்றிவிட்டு, டிஜிட்டல் ஆகிவிட்டோம் என்கிறார்கள். ஸ்கேன் எடுத்த படத்தில் எதை வைத்து விலையை ஒப்பிடுவது?

மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவதும் ஆபத்து. அடிக்கடி வாங்கும் பொருளுக்கு விலையை ஏற்றி, யாரும் கேட்காத பொருளுக்குக் குறைத்துவிட்டால் கூட்டுத்தொகை மலிவாகத்தான் தெரியும். வரி வரியாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

பல கணினிகளில் ஒரே பதிவேட்டை வைத்திருக்கும் பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் போட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பதிந்ததை மாற்ற முடியாது என்பது உண்மைதான். பொய்யைப் பதிந்தால் அதையும் மாற்ற முடியாது.

அடுத்தது, டெண்டர் விடும் நாளிலிருந்துதான் கண்காணிப்பு என்று நினைப்பது. நம் நாட்டு அகஸ்டா வெஸ்ட்லேண்ட் விவகாரத்தைப் பாருங்கள். முக்கியப் பிரமுகர்களுக்கு 12 ஹெலிகாப்டர்கள், 2010ல் ஒப்பந்தம், 2014 ஜனவரியில் ரத்து. பறக்க வேண்டிய உயரம் 6,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டராகக் குறைக்கப்பட்டது, உள்ளறையின் உயரம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. கடைசியில் ஒரே ஒரு நிறுவனம்தான் களத்தில் நின்றது என்று 2013ல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. லஞ்சக் குற்றச்சாட்டில் இத்தாலிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் நிறுவன அதிகாரிகளை விடுவித்தது. நான் சொல்ல வருவது வேறு. தேவைப் பட்டியலில் ஒரு எண்ணை மாற்றினால் போட்டியே இல்லாமல் போகலாம். யார் மாற்றினார், எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதினார் என்ற தடம் அந்தக் கட்டத்திலிருந்தே மென்பொருளில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு துறையின் கணக்கை இன்னொரு துறையின் கணக்கோடு இணைக்காமல் விடுவது. 2023 ஆகஸ்டில் உக்ரைன் பத்திரிகையாளர்கள் துருக்கியிலிருந்து வந்த ராணுவ ஜாக்கெட்டுகளின் காகிதங்களைத் தோண்டினார்கள். அங்கிருந்து கிளம்பும்போது 29 டாலர், உக்ரைன் சுங்கத்தில் 86 டாலர் என்று எழுதினார்கள். அமைச்சகம் மறுத்தது. சுங்கம், நிறுவனப் பதிவு, கொள்முதல் மூன்றும் ஒன்றோடொன்று பேசியிருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிருபர் தேவைப்பட்டிருக்காது.

சரி, மென்பொருள் எச்சரிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துப் பணத்தை நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு? இது எழுத்தில் இல்லாவிட்டால் எச்சரிக்கைகள் குவிந்து கிடக்கும். 2024 ஜனவரியில் உக்ரைனின் உளவு அமைப்பான பாதுகாப்புப் பணியகம் (SBU) ஒரு மோசடியை அறிவித்தது. 1 லட்சம் மோர்ட்டார் குண்டுகளுக்கு 2022ல் ஒப்பந்தம், ஏறக்குறைய 150 கோடி ஹிரிவ்னியா. பணம் முன்கூட்டியே போய்விட்டது, ஒரு குண்டுகூட வரவில்லை. கிடங்கில் பெட்டி இறங்கி, வாங்கியவர் எண்ணிப் பதிந்த பிறகே அடுத்த தவணை என்று கட்டி வைத்திருந்தால், முதல் தவணையோடு அந்தக் கணக்கு நின்றிருக்கும்.